கடைசி ஓரடியில் தொலையும் நேரம்

எங்கள் ஊர் இராஜபாளையம். எண்பதுகளில் அங்கே கடிகாரம் பல வீடுகளில் இருந்தது. நேரம் என்னவோ மில்லில்தான் இருந்தது. காலை ஷிப்டுக்கு ஊதுகிற சங்கைக் கேட்டுத்தான் தெரு விழிக்கும். சத்தம் கேட்டதும் என் தாத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பெரிய முள்ளைச் சுண்டுவிரலால் நகர்த்தி வைப்பார். பெரியப்பா மில்லில் ஃபிட்டர். ஒருநாள் தாத்தாவைச் சீண்டினார்.

"ஐயா, மில்லு ரெண்டு கிலோமீட்டர். சத்தம் நம்ம வீட்டுக்கு வர்றதுக்கே ஆறு செகண்டு ஆகும். நீங்க எந்திரிச்சு, வேட்டியை மடிச்சுக் கட்டி, கதவைத் திறந்து முள்ளைத் தொடுறதுக்கு அரை நிமிஷம். அதை யார் கணக்குல எழுதுறது?"

தாத்தா பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் பிற்காலத்தில் என் பிழைப்பாகும் என்று அன்று எனக்கும் தெரியாது. நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டிரைவர் எழுதுகிறேன். இதைச் சொன்னபோது அதே பெரியப்பா, "லாரியா, பஸ்ஸாப்பா?" என்றார். கணினிக்குள் ஒவ்வொரு கருவியையும் ஓட்டுவதற்கு ஒரு சிறு நிரல் வேண்டும். அதன் பெயரும் டிரைவர்தான். நான் ஓட்டுவது நெட்வொர்க் கார்டை. அதாவது கேபிள் வந்து செருகும் அட்டையை. அந்த அட்டைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. உலகத்தின் சரியான நேரம் கண்ணாடி இழை வழியாகப் பல கிலோமீட்டர் கடந்து அந்த அட்டைவரை பத்திரமாக வந்துவிடும். கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், கணினிப் பெட்டிக்குள், கடைசி ஓரடியில்.

ஸ்கேல் அளவு நேரம்

எங்கள் தொழிலில் புழங்கும் அலகு நானோ விநாடி. ஒரு விநாடியை நூறு கோடி கூறு போட்டால் அதில் ஒன்று. அந்த நேரத்தில் வெளிச்சம் 30 சென்டிமீட்டர் போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் நீளம். கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் சற்று மெதுவாகத்தான் போகும், 20 சென்டிமீட்டர். ஆயிரம் நானோ சேர்ந்தால் ஒரு மைக்ரோ விநாடி.

இவ்வளவு நுணுக்கம் யாருக்கு வேண்டும்? உங்கள் பையில் இருக்கும் போனுக்கு. இந்தியாவில் 5ஜி ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில், மாறி மாறி நடக்கின்றன. ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச நேரம் போகிறவர்களையும் கொஞ்ச நேரம் வருகிறவர்களையும் விடுவதுபோல. பக்கத்துக் கோபுரம் தப்பான நேரத்தில் பேசினால் இந்தக் கோபுரத்தின் காது அடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு கோபுரமும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ விநாடிக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. ஐரோப்பாவில் 2018 ஜனவரி முதல், மின்னல் வேகத்தில் பங்கு வாங்கி விற்கும் கணினிகளின் கடிகாரம் உலகப் பொது நேரத்திலிருந்து 100 மைக்ரோ விநாடிக்குள் நிற்க வேண்டும். யாருடைய ஆர்டர் முதலில் வந்தது என்ற வழக்கில் கடிகாரமே சாட்சி என்பதால் இந்தக் கெடுபிடி.

கணினியின் கடிகாரத்தைத் துடிக்கவைப்பது ஒரு குவார்ட்ஸ் துண்டு. சாதாரணத் துண்டு பத்து லட்சத்துக்குப் பத்து என்ற அளவில் பிசகும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டால், ஒரு விநாடிக்கு 10 மைக்ரோ விநாடி, ஒரு நாளைக்கு 0.86 விநாடி. கோபுரத்துக்கு விதித்த 1.5 மைக்ரோவை இப்படி ஒரு துண்டு 0.15 விநாடிக்குள் தாண்டிவிடும். ஏசியின் குளிர் கூடினாலும் குறைந்தாலும் பிசகின் அளவே மாறும். ஆகவே ஒருமுறை சரிசெய்துவிட்டு உட்கார முடியாது. விநாடிக்கு ஒரு தரமாவது நல்ல கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்கு நேரங்கள்

தூரத்தில் உள்ள கடிகாரத்தைக் கேட்டால் பதில் வருவதற்குள் நேரம் ஓடிவிடுகிறதே, அதை எப்படிக் கழிப்பது? இதற்கு விடை பழையது. பின்னாளில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985-இல் வெளியிட்ட என்.டி.பி. நெறிமுறை இணையக் கணினிகளுக்கு நேரம் சொல்லத் தொடங்கியது. நம் கணினியும் போனும் இன்றும் அந்த வழியில்தான் நேரம் கேட்கின்றன. அது மில்லி விநாடிக் கணக்கு. அதைவிட நுணுக்கம் வேண்டியவர்களுக்காக 2002-இல் ஐ.இ.இ.இ. 1588 என்ற தரநிலை வந்தது. தொழிலில் அதைப் பி.டி.பி. என்போம். 2008-லும் 2019-லும் அதைத் திருத்தினார்கள்.

இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. தாய்க் கடிகாரம் தன் நேரம் 100-இல் ஒரு பாக்கெட், அதாவது ஒரு சிறு தகவல் பொட்டலம், அனுப்புகிறது. பிள்ளைக் கடிகாரத்தில் அது வந்து சேரும்போது 112. பிள்ளை தன் நேரம் 120-இல் பதிலுக்கு ஒன்று அனுப்புகிறது. தாய் அதை 122-இல் வாங்குகிறது. போகும்போது 12 ஆனதுபோலத் தெரிகிறது, வரும்போது 2. ஒரே சாலை, ஒரே வேகம் என்றால் உண்மையான பயணம் இரண்டின் சராசரி, 7. மீதி வித்தியாசம் பிள்ளையின் பிசகு: அது 5 முந்தி ஓடுகிறது. முடிந்தது கணக்கு.

"ஒரே சாலை, ஒரே வேகம் என்றால்" என்ற அந்த நிபந்தனையைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியும் வரும் வழியும் சமமில்லை என்றால், அந்த வித்தியாசத்தில் பாதி அப்படியே பிசகாக வந்து உட்காரும். அது உட்கார்ந்திருப்பது கணக்குக்குத் தெரியவும் தெரியாது.

அடுத்த கேள்வி, பாக்கெட் வந்த நேரத்தை யார் குறிப்பது? கடிதம் தபால் நிலையத்துக்கு வந்த நேரமா, தபால்காரர் உங்கள் கதவைத் தட்டிய நேரமா? முன்பெல்லாம் நிரல்தான் குறித்தது. பாக்கெட் அட்டைக்கு வந்து, அட்டை பிராசசரைத் தட்டிக் கூப்பிட்டு, பிராசசர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வந்து பார்த்த நேரம் அது. அதிலும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பிராசசரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அட்டைகள் பல பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து ஒரே தட்டாகத் தட்டும். பத்து இருபது மைக்ரோ விநாடி இப்படியே காணாமல்போகும். அதனால் இப்போது நல்ல அட்டைகள், பாக்கெட்டின் முதல் பிட்டுகள் வாசலைக் கடக்கும்போதே தங்கள் கடிகாரத்தைப் பார்த்து முத்திரை குத்திவிடுகின்றன. அந்த அட்டைக் கடிகாரத்தைக் கையாளும் பொது ஏற்பாட்டை லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் ரிச்சர்ட் காக்ரன் எழுதினார். 2011-இல் லினக்ஸ் 3.0-உடன் அது வந்தது.

ஒரு பெட்டி, இரண்டு கடிகாரம்

ஆக, அட்டையின் கடிகாரம் சரியாகிவிட்டது. ஆனால் கணினியில் ஓடும் நிரல்கள் பார்ப்பது அதை அன்று. பிராசசர் பக்கம் உள்ள கடிகாரத்தை. இரண்டுக்கும் இடையே ஒரு சாண், ஓரடி. இந்த ஓரடியில்தான் என் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பிராசசர் அட்டையிடம் "மணி என்ன?" என்று கேட்டுப் பதில் வாங்கப் பல நூறு நானோ விநாடி ஆகும். சில கணினிகளில் ஒரு மைக்ரோவையும் தாண்டும். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் எந்தக் கணத்தில் அட்டை கடிகாரத்தைப் பார்த்தது என்பது நமக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், கேட்பதற்கு முன் என் கடிகாரத்தில் என்ன நேரம், பதில் வந்தபின் என்ன நேரம் என்பதுதான். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. நாங்கள் அதை ஜன்னல் என்போம். ஜன்னலின் நடுவைச் சரியான கணமாக எடுத்துக்கொள்கிறோம். ஜன்னல் 800 நானோ அகலம் என்றால் பிசகு அதிகபட்சம் 400. அகலம் 3000 என்றால் 1500.

முன்பு இந்த ஜன்னல் தேவைக்கு மேல் அகலமாக இருந்தது. காரணம், முன் நேரத்தையும் பின் நேரத்தையும் குறித்தது டிரைவர் இல்லை. டிரைவரைக் கூப்பிடும் மேல் அடுக்கு. அந்த இரண்டு குறிப்புகளுக்கு நடுவே டிரைவர் பூட்டு வாங்கும், அட்டையிடம் "கடிகாரத்தைப் பிடித்து வை" என்று சொல்லும், எண்ணின் ஒரு பாதியைப் படிக்கும், மறு பாதியைப் படிக்கும், இரண்டையும் கூட்டும், பூட்டைத் திறக்கும். கடிகாரத்தைப் பார்த்த கணம் ஒன்றே ஒன்று. மீதியெல்லாம் வேட்டி மடிப்பு. அந்தக் கணம் ஜன்னலின் நடுவில் விழும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

2018 நவம்பரில் மிரோஸ்லாவ் லிக்வார் லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு பேட்ச் தொகுதியை, அதாவது நிரல் திருத்தங்களை, அனுப்பினார். குரோனி என்ற நேரம் காக்கும் மென்பொருளைப் பராமரிப்பவர் அவர். யோசனை எளிது: நேரத்தைக் குறிக்கும் பொறுப்பை டிரைவரிடமே கொடுத்துவிடுவோம். எந்த ஒரு வாசிப்பில் அட்டையின் நேரம் பிடிபடுகிறதோ, அந்த ஒரு வரிக்கு மேலே ஒரு குறிப்பு, கீழே ஒரு குறிப்பு. மற்ற சடங்கெல்லாம் ஜன்னலுக்கு வெளியே. 2019 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.0-இல் இது சேர்ந்தது. இன்டெல்லின் ஐ210 சில்லுக்கான டிரைவரில் இந்த இடத்தைப் பார்த்தால் மூன்றே வரிகள்: முன் நேரம் குறி, கடிகாரத்தைப் பிடித்துவைக்கும் ரெஜிஸ்டர் என்ற நினைவறையைப் படி, பின் நேரம் குறி. விநாடியும் நானோ விநாடியும் அதன்பிறகு சாவகாசமாகப் படிக்கப்படுகின்றன.

எண்ணை இரண்டு பாதியாகப் படிப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. சுவர்க் கடிகாரத்தில் 9:59. நீங்கள் மணியைப் பார்க்கிறீர்கள்: 9. கண் நிமிடத்துக்குப் போவதற்குள் 10:00 ஆகிவிடுகிறது. நிமிடம் 00. நீங்கள் எழுதிக்கொள்வது 9:00. ஒரு மணி நேரம் தவறிப்போயிற்று. இத்தனைக்கும் நீங்கள் பார்த்த இரண்டும் உண்மை. கடிகாரத்தைப் பிடித்துவைக்கும் வசதி இல்லாத சில்லுகளில், மணியைப் பார்த்து, நிமிடத்தைப் பார்த்து, மறுபடி மணியைப் பார்க்க வேண்டும். மணி மாறியிருந்தால் மறுபடி நிமிடம். அப்போது ஜன்னல் குறிப்பையும் அந்தக் கடைசி வாசிப்புக்கு மாற்றி வைக்க வேண்டும். மறந்தால், மிக அரிதாக, எப்போதோ ஒருமுறை நேரம் துள்ளும். அரிதாக வரும் பிழையைப் பிடிப்பதைவிடப் பேயைப் பிடிப்பது சுலபம்.

இவ்வளவு செய்தும் நடுவில் பிராசசரை வேறு வேலை இழுத்துவிட்டால் ஜன்னல் விரிந்துவிடும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அட்டை நேரத்தைக் கணினி நேரத்தோடு இசைக்கும் நிரல் வழக்கமாக ஐந்து முறை படித்து, அதில் மிகக் குறுகிய ஜன்னலை மட்டும் எடுத்துக்கொள்ளும். காய்கறி வாங்குகிறவர்கள் கூறில் நல்லதைப் பொறுக்குவது போல்தான்.

பிசகு தெரிந்தபின் முள்ளைத் தள்ளி வைப்பதில்லை. நேரம் பின்னால் குதித்தால் எது முந்தி எது பிந்தி என்ற பதிவுகள் குழம்பிவிடும். கடிகாரத்தின் வேகத்தைத்தான், திருகைத் திருகுவதுபோல, கூட்டிக் குறைக்கிறோம். முன்பு அந்தத் திருகின் மிகச் சிறிய பல் நூறு கோடியில் ஒன்று. இப்போதைய ஏற்பாட்டில் அதையும் 65 கூறாக்கித் திருகலாம்.

ஸ்கோப் சொன்ன உண்மை

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அட்டைக்கு டிரைவர் எழுதி முடித்திருந்தோம். என் மேசையில் அதே மாதிரி அட்டைகள் இரண்டு, நடுவே ஒரு கேபிள். திரையில் பிசகு நாலு நானோ, மூன்று நானோ என்று ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷமாக அனுப்பிவைத்தோம்.

ஒரு வாரத்தில் வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் போன் செய்தார். "சார், உங்க புரோகிராம் நாலு நானோங்குது. என் ஸ்கோப் இருநூத்திப் பத்துங்குது. நான் யாரை நம்பட்டும்?"

அந்தம்மா செய்தது இதுதான். தாய்க் கடிகாரமும் எங்கள் அட்டையும் விநாடிக்கு ஒரு மின்துடிப்பை வெளியே அனுப்பும். இரண்டையும் ஆசிலாஸ்கோப்பில் போட்டு, கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்திருக்கிறார். நான் நிரலைத்தான் நம்பினேன். "கேபிள் நீளமா இருக்கும் மேடம்" என்றேன். "துடிப்பு வர்ற கேபிளா? ஒரு மீட்டருக்கு அஞ்சு நானோ. இருநூத்திப் பத்துக்கு நாப்பத்திரண்டு மீட்டர் வேணும். என் கேபிள் ரெண்டு மீட்டர் சார்" என்றார். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

மூன்று நாள் தேடினேன். விடை அட்டையின் கையேட்டில், நான் புரட்டிவிட்டுப் போன ஒரு பக்கத்தில் இருந்தது. முத்திரை குத்தும் இடம் கேபிளின் வாயிலேயே இல்லை; சற்று உள்ளே. வாயிலிருந்து அங்கே வருவதற்கு ஒரு தாமதம், அங்கிருந்து வெளியே போவதற்கு வேறொரு தாமதம். இரண்டும் சமமில்லை. உள்ளே வரும்போது கழிக்க வேண்டும். வெளியே போகும்போது கூட்ட வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

அப்படியானால் என் மேசையில் ஏன் தெரியவில்லை? இரண்டு பக்கமும் ஒரே அட்டை. போகும் வழியிலும் அதே பிழை, வரும் வழியிலும் அதே பிழை, கழித்தால் பூஜ்யம். ஒரே பொய்யை இரண்டு சாட்சிகளும் சொன்னால் வழக்கு சுத்தமாகத்தான் தெரியும். எதிர்ப்பக்கம் வேறு தயாரிப்பு வந்ததும் குட்டு வெளிப்பட்டது.

இந்தத் தாமதங்கள் எவ்வளவு என்பதற்கு ஐ210 டிரைவரின் திறந்த நிரலையே பார்க்கலாம். ஜிகாபிட் வேகத்தில் வெளியே போக 178 நானோ, உள்ளே வர 448. திருத்தாமல் விட்டால் வித்தியாசத்தில் பாதி, 135 நானோ, நிரந்தரப் பிசகு. கண்ணாடி இழைக் கணக்கில் 27 மீட்டர். 10 மெகாபிட் வேகத்தில் அதே எண்கள் 9542, 20662 என்று எகிறிவிடும். கேபிளின் வேகம் மாறினால் டிரைவரும் கழிக்கும் எண்ணை மாற்றியாக வேண்டும்.

அந்தத் தவறுக்குப் பிறகு எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: கடிகாரத்தைப் பற்றிக் கடிகாரத்திடமே கேட்டு எழுதிய அறிக்கை செல்லாது. ஸ்கோப் படம் வேண்டும். எதிர்ப்பக்கம் வேறு தயாரிப்பாகவும் இருக்க வேண்டும்.

என்னைவிடப் பெரியவர்களும் இந்தக் கடைசி ஓரடியில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். 2011 செப்டம்பரில் ஓபரா ஆய்வுக்குழு, ஜெனீவாவின் செர்ன் கூடத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ வரை சுமார் 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் வெளிச்சத்தைவிடச் சுமார் 60 நானோ விநாடி முந்தி வந்ததாக அறிவித்தது. ஐன்ஸ்டீன் தோற்றார் என்று செய்தி பறந்தது. அடுத்த ஆண்டு முக்கியக் காரணம் தெரிந்தது: ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழையின் செருகி ஒன்று சரியாக அழுந்தியிருக்கவில்லை. 730 கிலோமீட்டரை அழகாக அளந்தவர்களின் காலை வாரியது கூடத்துக்குள் இருந்த ஒரு செருகி.

இனி என்ன?

கணினிப் பெட்டிக்குள் ஜன்னலை இன்னும் குறுக்க, இப்போது பிராசசரும் அட்டையும் பேசும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையிலேயே பி.டி.எம். என்ற வசதி வருகிறது. ஊருக்கு ஊர் நடந்த அதே நான்கு நேரக் கணக்கு, இங்கே பெட்டிக்குள், வன்பொருளாலேயே போடப்படுகிறது. நிரல் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் பிராசசர், மதர்போர்டு, அட்டை மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். இன்னொரு பக்கம் செர்ன் தொடங்கிய ஒயிட் ராபிட் திட்டம், கண்ணாடி இழையின் வழியே ஒரு நானோ விநாடிக்கும் கீழே நேரத்தை இசைத்துக் காட்டிவிட்டது. அதன் வழிமுறைகள் 2019 தரநிலையிலும் இடம்பெற்றன.

கருவிகள் எவ்வளவு நயமானாலும் டிரைவர் எழுதுகிறவனின் கடமை மாறாது. நேரம் இது என்று மட்டும் சொன்னால் போதாது. இந்த நேரத்தில் இவ்வளவுவரை பிசகு இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜன்னல் என்பது அதுதான். ஜன்னலின் அகலத்தை மறைத்து நடுவை மட்டும் சொல்லும் டிரைவர், எனக்குப் பிசகான டிரைவரைவிட மோசம்.

இதைப் படிக்கும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே நான் சொன்ன நிரல் எதுவும் பூட்டிவைத்த ரகசியம் இல்லை. லினக்ஸ் கெர்னலில் திறந்து கிடக்கிறது. லினக்ஸ் கணினி ஒன்று கையில் இருந்தால் ஈத்டூல் என்ற கட்டளையில் ஒரு கோடு போட்டுப் பெரிய டி எழுத்தையும் உங்கள் நெட்வொர்க் அட்டையின் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். பி.டி.பி. ஹார்ட்வேர் கிளாக் என்ற வரி வரும். எதிரே ஓர் எண் இருந்தால் உங்கள் அட்டைக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது; யாரும் அதனிடம் மணி கேட்காமல் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.